யூஷோவின் இடது கை

கறி விற்கும் நபே கத்தியைத் தீட்டி முடிப்பதற்குள் யூஷோ கடை முன்னால் வந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிடுவார். தீவின் தலைநகரான நாஹாவின் சந்தையில் காலை ஆறு மணி என்பது ஆளை ஆள் இடித்துக்கொண்டு ஓடும் நேரம். அந்த நெரிசலில் மழித்த தலையும் கட்டை உடம்புமாக ஐம்பத்தேழு வயது மனிதர் ஒருவர் இரண்டு உள்ளங்கைகளையும் கவிழ்த்து நீட்டிக்கொண்டு நிற்பதைப் புதிதாகப் பார்ப்பவர்கள் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். நபே ஒரு துண்டு பன்றிக்கறியை எடுத்து அந்தக் கைகளுக்கு அடியில் தள்ளுவாள். அவர் ஒரு கையை அதன்மேல் வைப்பார். அழுத்தமாட்டார், தடவமாட்டார், சும்மா வைப்பார்.

"தோள்பட்டை. ஓடியாடின பன்னி இது."

அடுத்த துண்டு.

"தொடை. தின்னுட்டுத் தூங்கியே வளந்திருக்கு. நேத்து சாயங்காலம் வெட்டினது. இன்னிக்குக் காலைலன்னு சொல்லி எவனோ உன் தலைல கட்டிட்டான்."

அவர் சொன்னால் அது அப்படியேதான் இருக்கும். அதனால் அவர் வருகிற நேரத்தில் பழைய கறியோடு நபேயின் கடைப்பக்கம் யாரும் தலைகாட்டுவதில்லை. பக்கத்துக் கடையில் கருவாடு விற்கும் உஷிக்கு மட்டும் அவரைச் சீண்டாமல் பொழுது விடியாது.

"அண்ணே, என்னையும் கொஞ்சம் தொட்டுப் பாத்துச் சொல்லுங்களேன், ஓடின பன்னியா, தூங்கின பன்னியான்னு!"

"உன்னத் தொட்டு வேற பாக்கணுமாக்கும்?" என்பாள் நபே, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். "தெருமுனையிலேர்ந்தே தெரியுதே."

சிரிப்பு அடங்குவதற்குள் யூஷோ கையைத் துடைத்துக்கொண்டு பயிற்சிக்கூடத்தைப் பார்க்க நடையைக் கட்டியிருப்பார்.

கொஹாகுரா யூஷோ கராத்தே ஆசான். யாரோ கற்றுக்கொடுத்ததைத் திருப்பிக் கற்றுக்கொடுப்பவர் இல்லை, சொந்தமாக ஒரு பாணியையே உண்டாக்கியவர். அதற்குக் 'கிக்குதே' என்று பெயர் வைத்தார். கேட்கும் கை என்று அர்த்தம். ஊரிலுள்ள மற்ற ஆசான்கள் அதைப் 'பன்றிக்கறிப் பாணி' என்பார்கள். அவர்களுடைய கூடங்களில் கயிறு சுற்றிய மரக்கட்டை நட்டிருக்கும். அதைக் குத்திக் குத்தி அவர்களுடைய விரல்முட்டிகள் இஞ்சிக் கிழங்கு மாதிரி புடைத்துக் கிடக்கும். யூஷோவின் கூடத்தில் அப்படி ஒரு கட்டையே கிடையாது. அவர் உள்ளங்கை குழந்தையின் கன்னம் போல இருக்கும். தினம் குளித்த பிறகு பன்றிக்கொழுப்பை உருக்கிக் கையில் தேய்த்துக்கொள்வார். சனிக்கிழமை தவறாமல் நகம் வெட்டுவார். வாளி தூக்கமாட்டார், விறகு பிளக்கமாட்டார், கயிறு கட்டிய மூட்டையைத் தொடவே மாட்டார், கை காய்த்துவிடுமாம். முப்பத்தொரு வருஷமாக அதெல்லாம் அவர் மனைவி நபேயின் வேலை.

"ஊருக்கெல்லாம் கை வித்தை சொல்லித் தர்றவருக்கு வீட்ல ஒரு வாளி தூக்கக் கை வராது" என்று அவள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வாள். சொல்லிவிட்டு வாளியையும் தூக்கிக்கொண்டு போவாள்.

இந்தப் பாணி பிறந்த இடம் மடமோ மலையோ இல்லை, அகதி முகாம். அமெரிக்கப் படையோடு நடந்த சண்டை முடிந்த வருஷம் தீவின் தெற்கிலிருந்து உயிரோடு வந்து சேர்ந்தவர்களை முள்வேலிக்குள் கூடாரங்களில் வைத்திருந்தார்கள். யூஷோவின் ஆசான் குண்டில் போய்விட்டார், கூடப் பயின்றவர்களில் பாதிப்பேர் இல்லை. மீதி இருந்தவர்கள் சாயங்காலம் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் பயிற்சி செய்ய வந்தார்கள். பழைய முறைப்படி நிற்கவைத்து அறைந்து சோதிக்க வேண்டும். அவருக்குக் கை எழவில்லை.

"எலும்பும் தோலுமா நின்னான் ஒவ்வொருத்தனும். எப்பிடி அடிக்கறது? தொட்டுத்தான் பாக்க முடிஞ்சுது. தொட்டுப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது, அதுவரைக்கும் நான் காதை அடைச்சுக்கிட்டுப் பாடிக்கிட்டிருந்தேன்னு." இதை அவர் வருஷத்துக்கு ஒரு தடவை, அரிசிச் சாராயம் இரண்டு கிண்ணம் உள்ளே போனால் மட்டும் சொல்வார்.

பயிற்சியைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. சீடன் இடுப்புக்கு மேலே வெற்றுடம்போடு நிற்பான். கால்விரல்களால் தரையைப் பிடித்து, மூச்சை அடிவயிற்றில் கட்டி, மெதுவாக மூன்று அடி முன்னால் வைப்பான். யூஷோ பின்னால் போய் அவன் தோள்களில் இரண்டு உள்ளங்கைகளையும் சத்தமில்லாமல் வைப்பார். மூச்சு சரியான இடத்தில் இருக்கிறதா, எந்தத் தசை தூங்குகிறது, எது பயந்திருக்கிறது என்று கை கேட்டுக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் அடி. உடம்பு தாங்கத் தாங்க அடி கூடும். "அடிக்கறது நான் இல்லடா. எவ்ளோ வேணும்னு உன் உடம்பு கேக்குது, நான் குடுக்கறேன்" என்பார்.

கடைசிப் படி கழுத்து. இரண்டு கைகளின் விளிம்பும் ஒரே நேரத்தில் கழுத்தின் இரண்டு பக்கமும் விழ வேண்டும். அளவு இம்மி பிசகினால் ஆள் காலி. இருபத்திரண்டு வருஷத்தில் நாலே பேருக்குத்தான் அவர் அதைக் கொடுத்திருந்தார். நாலு பேரும் மறுநாள் வேலைக்குப் போனார்கள்.

ஐந்தாவது ஆள் ஒனாகா. நாற்பத்தொரு வயது, கூரைக்கு ஓடு பதிக்கிறவர், மூன்று பெண்களுக்குத் தகப்பன். செப்டம்பர் மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, ஊர் கராத்தே சங்கத்தின் பெரியவர்கள் மூன்று பேர் வந்து உட்கார்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. பிடித்திருந்தால் கிக்குதேயை ஒரு பாணியாகத் தங்கள் ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். அதற்கப்புறம் எவனும் பன்றிக்கறி என்று சொல்ல முடியாது. நிகழ்ச்சியின் முடிவில் ஒனாகாவின் கழுத்து.

ஜூலையில், முதல் புயல் வந்து போன மறுநாள் காலை, யூஷோ வழக்கம்போல வந்து நின்றார். நபே தள்ளிய துண்டின்மேல் இடது கையை வைத்தார்.

"தொடை."

அது வயிற்றுக்கொழுப்பு. சின்னப் பிள்ளை தொட்டால்கூடத் தெரியும். உஷி கருவாட்டுக் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். யூஷோவும் சிரித்தார், ஆனால் எல்லாருக்கும் பிறகு. சிரித்துக்கொண்டே வலது கையை வைத்து, "வயிறு. எனக்குத் தெரியாதா?" என்றார். நபே மட்டும் சிரிக்கவில்லை. இந்த மனுஷன் எதில் வேண்டுமானாலும் விளையாடுவார், கையில் விளையாடமாட்டார்.

இரண்டு வாரம் கழித்துச் சூஹாவின் தோள் எலும்பு முறிந்தது. சூஹா தபால் பிரிக்கிற வேலையில் இருப்பவன், எட்டு வருஷச் சீடன், சாது. பயிற்சியின்போது ஆசானின் இடது கை விழுந்ததும் கிளை முறிகிற மாதிரி சத்தம் கேட்டதாம். மூன்றாம் நாள், கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, மற்றக் கையில் நல்ல சாராயம் ஒரு பாட்டிலோடு அவன் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே மண்டியிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தான்.

"என் மூச்சு தப்பிடுச்சு ஆசானே. உங்க கைக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். மன்னிக்கணும்."

எலும்பு முறிந்தவன் முறித்தவரிடம் மன்னிப்புக் கேட்டான். யூஷோ கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார். "உடம்பப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னார். அடக்கமான பையன் என்று நபே அன்றைக்கு அவனை மெச்சிக்கொண்டாள். பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கூசியது.

ஆகஸ்ட் கடைசியில் பன்றிக்கால் வாங்க வந்த ஒனாகா குனிந்தபோது சட்டைக் கழுத்து விலகியது. இடது தோள் முழுக்கக் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. வலது தோள் லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

"என்ன ஒனாகா இது?"

அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரகசியம் அக்கா. இப்பல்லாம் ஆசான் இடது பக்கம்தான் அழுத்தம் குடுக்கறாரு. இதயம் இருக்கற பக்கம் இல்லையா? உள்பாடம். அவரா வாயத் தொறந்து சொல்லமாட்டாரு, நாமளாத்தான் புரிஞ்சுக்கணும். குளிக்கிற எடத்துல எல்லாரும் சட்டையக் கழட்டி யாருக்கு அதிகமா கறுத்திருக்குன்னு பாத்துக்கறோம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்!" என்றார் ஒனாகா.

நபே பன்றிக்காலைப் பொட்டலம் கட்டினாள். கட்டிய முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. முப்பது நாற்பது பேர், வளர்ந்த ஆண்கள், குடும்பஸ்தர்கள், ஆளுக்கொரு இடது தோளைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருக்கிறார்கள். இதை நினைத்து அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கொழுப்பைத் தொடை என்றது எந்தக் கை? சூஹாவின் எலும்பு எந்தப் பக்கம்?

அன்று சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே சாப்பாட்டை முடித்துவிட்டு யூஷோ செய்தித்தாளைப் பாயில் விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். புயல் எச்சரிக்கைகளை வாய்விட்டுப் படிப்பது அவர் வழக்கம். இடது கை பாயின்மேல் கிடந்தது. நபே பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய பயிற்சிச் சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியை எடுத்து அவர் சுண்டுவிரல் நுனியில் மெல்லக் குத்தினாள்.

"தெற்குக் கடலில் அலைகள் ஆறு மீட்டர் வரை" என்று படித்துக்கொண்டிருந்தார்.

உள்ளங்கையில் குத்தினாள். மணிக்கட்டில் குத்தினாள். முன்கையில், கொஞ்சம் அழுத்தியே குத்தினாள். மீன்பிடிப் படகுகள் கரை திரும்ப வேண்டும் என்றார் அவர், குரல் பிசிறாமல். முழங்கை வரை போனவள் அங்கே நிறுத்திக்கொண்டாள். அதற்குமேல் போய்ப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவர் பக்கத்தைப் புரட்டினார். புரட்டிய கை செய்தித்தாளில் சின்னச் சின்னதாக நாலைந்து சிவப்புப் புள்ளிகள் வைத்துவிட்டுப் போனது.

யூஷோ அந்தப் புள்ளிகளைப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார்.

"எத்தன நாளா?" என்றாள் நபே.

"எது?"

"ஆசானே, நான் உங்க சீடன் இல்ல. பொண்டாட்டி."

அவர் செய்தித்தாளை நாலாக மடித்தார். "புது வருஷத்துலேர்ந்து. மொதல்ல சுண்டுவிரல் போச்சு. அப்புறம் மத்தவனுங்களும் ஒவ்வொருத்தனா அவன் பின்னாடியே போயிட்டானுங்க. தூக்க முடியுது, வீச முடியுது. வைக்கற எடத்துல ஒண்ணும் கேக்கல."

"சூஹா?"

அவர் மடித்த செய்தித்தாளை மறுபடி விரித்தார்.

"அந்தப் பாட்டில வாங்கிக்கிட்டீங்களே! எப்பிடி மனசு வந்துச்சு?"

"வேணாம்னு சொன்னா ஏன்னு சொல்லணுமே."

"ஒனாகாவையும் அடிக்கப் போறீங்களா?"

"வலது கை நல்லா கேக்குது. அத வெச்சு இடதுக்கு அளவு போட்டுடுவேன்."

"சூஹாவுக்கும் அப்பிடித்தான அளவு போட்டீங்க? அது தோளு. இது கழுத்து. அந்த ஆளுக்கு மூணு பொண்ணுங்க இருக்கு."

"தெரியும்."

"கடைசிப் பொண்ணு இன்னும் பள்ளிக்கூடமே..."

"தெரியும்னு சொல்றேன்ல!"

அவர் குரலை உயர்த்தி அவள் கேட்டதில்லை. அவருக்கே அது விசித்திரமாக இருந்திருக்க வேண்டும், உடனே தழைந்து வந்தார்.

"ஒரே ஒரு தடவ, நபே. அந்த ஞாயித்துக்கெழம ஒரு நாளு. கேக்கற கைன்னு ஒரு பாணிய உண்டாக்கினவனுக்குக் கை கேக்கலன்னு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? அந்தக் கெழங்க ஏட்டுல பேர எழுதிட்டுப் போகட்டும். மறுநாளே இந்தக் கைய வெட்டி உன் கடைல மாட்டிடு."

"நீங்க சொல்லலன்னா, நான் அத்தன பேர் முன்னாடி எந்திரிச்சு நின்னு சொல்லுவேன்."

"நீ சொல்லமாட்ட" என்றார் யூஷோ. கோபமாகச் சொல்லவில்லை. அவளைத் தெரிந்துவைத்திருப்பவராகச் சொன்னார்.

அந்தத் தீவுப் பெண்களுக்கு வீட்டு விவகாரத்தைச் சொல்ல அடுப்படியில் ஒரு சாமி உண்டு. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் ஊதுபத்தி ஏற்றிவைத்து, வீட்டு விலாசம், சம்பந்தப்பட்ட ஆளின் பெயர், பிறந்த வருஷத்துக்குரிய ராசி மிருகம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி முறையிட வேண்டும், இல்லாவிட்டால் சாமி வேறு வீட்டு வேலையைச் செய்துவிடும். நபே எல்லாம் சொன்னாள். சந்தைக்குப் பின்னால் கிணற்றுச் சந்து, மூன்றாவது வீடு, பன்றி வருஷத்தில் பிறந்த கொஹாகுரா யூஷோ. அவர் கையைத் திருப்பிக் கொடு என்று அவள் கேட்கவில்லை. வாயைத் திறக்கவை என்றுதான் கேட்டாள்.

சாமியை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கிறவள் இல்லை அவள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின புதன்கிழமை கடையை உஷியிடம் விட்டுவிட்டு, ஒனாகா ஓடு பதித்துக்கொண்டிருந்த வீட்டுக்கே போய்விட்டாள். வெயில் கொளுத்தியது. ஏணிக்கடியில் நின்றுகொண்டு அவரை இறங்கி வரச் சொன்னாள். அவர் கை முழுக்கச் சுண்ணாம்புச் சாந்தோடு இறங்கி வந்தார்.

"ஒனாகா, நல்லா கேட்டுக்க. ஆசானோட இடது கைல உணர்ச்சி இல்ல. மரத்துப்போச்சு. உன் தோளு கறுத்துக் கெடக்கறது அதனாலதான். பாடமும் இல்ல, ரகசியமும் இல்ல. ஞாயித்துக்கெழம வயித்துவலின்னு சொல்லிட்டு வீட்ல படுத்துக்க."

ஒனாகா அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு மெல்ல அவர் முகத்தில் வெளிச்சம் பரவியது. அதைப் பார்த்ததுமே நபேக்குத் தெரிந்துவிட்டது, வந்தது வீண்.

"ஆசான் அனுப்பினாரா?"

"என்னது?"

"பரீட்சை! கடைசி நேரத்துல பயந்து ஓடறேனான்னு பாக்கறாரு. இதே மாதிரி பழைய ஆசான்மாருங்க வீட்டுப் பொம்பளைங்கள விட்டுச் சோதிப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்." அவர் சாந்து அப்பிய கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளுக்கு ஆழமாகக் குனிந்து வணங்கினார். "ஒனாகா ஓடலன்னு சொல்லிடுங்க அக்கா. அவர் கையால செத்தாலும் தப்பு என் மூச்சோடதுதான்."

"முட்டாளே!" என்று கத்தினாள் நபே. அதையும் அவர் பரீட்சையின் பகுதியாகவே எடுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் பதினோரு மணிக்கே மூச்சு முட்டியது. சன்னல்களையெல்லாம் திறந்துவைத்தும் காற்று இல்லை. மேலே அமெரிக்க விமானம் போகும்போதெல்லாம் கண்ணாடிகள் கிடுகிடுத்தன, அது போய் முடியும்வரை எல்லாரும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். முன்னால் மூன்று பெரியவர்கள் மெத்தைகளில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் இஷிமினே, எண்பது வயது, கையில் பனையோலை விசிறி. 'பன்றிக்கறிப் பாணி' என்ற பெயரை முதலில் சொன்னதே அவர்தான் என்று ஊரில் பேச்சு. நபே பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில், உஷிக்கு அருகில் உட்கார்ந்திருந்தாள். காலையில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவர் சட்டை நாடாவை வலது கையால் மட்டும் கட்டியதை அவள் பார்த்தாள், அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

சீடர்களின் வரிசைகள், ஜோடிப் பயிற்சி எல்லாம் முடிந்தன. ஒனாகா சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு நடுவில் வந்து நின்றார். இடது தோளின் கறுப்பைப் பார்த்துக் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மூச்சைக் கட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது அடியில் வேர் பிடித்தாற்போல நின்றார்.

யூஷோ பின்னால் போனார். உள்ளங்கைகளை வைத்தார், எடுத்தார். வலது கை விழுந்தது, தெளிவான, ஈரமான சத்தம். இடது கை விழுந்தது, கொசு அடிக்கிற மாதிரி. பயந்து அளவைக் குறைத்துவிட்டார் என்று நபேக்குத் தெரிந்தது. இஷிமினேயின் விசிறி நின்றது. யூஷோவும் அதைக் கவனித்துவிட்டார். அடுத்த அடி. வலது, அதே சத்தம். இடது, மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு அறை. ஒனாகாவின் கால் ஒரு விரற்கடை வழுக்கியது. அவர் உதடு வலியில் இழுத்துக்கொண்டது, உடனே அதைப் புன்னகையாக மாற்றிக்கொண்டார்.

பிறகு யூஷோ இரண்டு கைகளையும் கழுத்து உயரத்துக்குத் தூக்கினார்.

எழுந்துவிடு, எழுந்துவிடு என்று நபே தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஒரு கையைத் தரையில் ஊன்றி முழங்காலைத் தூக்கினாள். உஷி அவள் முன்கையைப் பிடித்து இழுத்து, "என்னடி, கால் மரத்துப்போச்சா?" என்று காதில் கேட்டாள். நபே பாதியில் நின்றாள். அந்தப் பாதியில் முப்பத்தொரு வருஷம் அவள்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இந்தக் கூடத்துக்காக விறகு பிளந்தவள், தண்ணீர் சுமந்தவள், கறி விற்றவள், இத்தனை பேர் முன்னால் அதை எப்படி உடைப்பாள்? அவர் சொன்னது சரிதான் என்று நினைத்துத் தன்னையே வெறுத்தாள். ஒனாகாவின் மூச்சு இன்னும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். தூக்கிய கைகள் தூக்கியபடியே இருந்தன. ஒரு விமானம் வந்தது, கண்ணாடிகள் நடுங்கின, விமானம் போனது.

யூஷோ கைகளைக் கீழே இறக்கினார்.

சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். தன் சட்டையைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு ஒனாகாவின் இடத்துக்கு வந்து நின்றார். வயிறு கொஞ்சம் சரிந்த, தோள் மட்டும் இன்னும் இறுகியிருந்த கிழட்டு உடம்பு.

"நீ பின்னாடி போ."

"ஆசானே?" ஒனாகா விழித்தார்.

"போடான்னா." பெரியவர்களைப் பார்த்துத் தலையைக் குனிந்தார். "எங்க பாணில அடி வாங்கறது பெருசில்லீங்க. கைய வெச்சுக் கேக்கறதுதான் பாடம். நான் செஞ்சு காட்டி என்ன ஆகப்போவுது, நான் உண்டாக்கினதுதான? இவனுக்கு வந்திருக்கான்னு பாருங்க. இன்னிக்கு ஒனாகா தட்டுவான், நான் நிக்கறேன்."

இஷிமினே பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார். விசிறி மறுபடி அசைய ஆரம்பித்தது. நபேக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. தந்திரக்கார மனுஷன்! ஒனாகாவின் கழுத்தும் தப்பித்தது, அவருடைய ரகசியமும் தப்பித்தது. இதை முதலிலேயே யோசித்திருந்தால் ஊசி, அடுப்படிச் சாமி, ஏணி எதுவுமே வேண்டியிருந்திருக்காதே என்று மனசுக்குள் திட்டினாள். ஊன்றிய கை லேசாயிற்று.

யூஷோ மூன்று அடி வைத்தார். அந்த மூன்று அடியையும் அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள், ஆனாலும் பார்த்தாள். மூச்சு அடிவயிற்றில் இறங்கி நின்றது. ஒனாகா பின்னால் வந்து, உள்ளங்கைகளை வேட்டைக்காரன் மாதிரி சத்தமில்லாமல் ஆசானின் இரண்டு தோள்களிலும் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

சட்டென்று கண்ணைத் திறந்தார். தன் இடது கையைப் பார்த்தார். அதை ஒரு விரல் தள்ளி வைத்தார், இன்னும் ஒரு விரல் தள்ளி வைத்தார். அவர் நெற்றி சுருங்கியது. ஏணிக்கடியில் நபே சொன்னது அப்போதுதான் அவருக்குக் கேட்க ஆரம்பித்திருந்தது.

"இடது கை எங்கடா?" என்றார் யூஷோ, பார்வையை முன்னாலேயே வைத்துக்கொண்டு.

ஒனாகா இடது கையை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தார்.

"வைடா. ரெண்டு கையையும் சேத்து வைக்கணும்னு இத்தன வருஷமா சொல்லிக்குடுத்தது மறந்துபோச்சா? இடதையும் வை."

மண்டபத்தில் யாரோ இரும ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு கைகளும் அவர் தோள்களின்மேல் இருப்பது கடைசி வரிசைக்கும் தெரிந்தது. இஷிமினே விசிறியை மடியில் வைத்தார். அந்தக் கிழவரின் முகத்தில் கேலி இல்லை. யூஷோ அந்த முகத்தைப் பார்த்தார், பக்கத்து முகங்களைப் பார்த்தார், பிறகு நபேயைத் தேடினார். அவள் எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவள் வாயைத் திறக்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

யூஷோ கட்டிவைத்திருந்த மூச்சை வெளியே விட்டார். வலது கையை மெல்லத் தூக்கி மார்பின் குறுக்கே கொண்டுபோய், தன் இடது தோளைத் தடவித் தேடினார். அங்கே இருந்த ஒனாகாவின் கை விரலில் தட்டுப்பட்டதும் அதை இறுகப் பிடித்துக்கொண்டார்.